தரவு மையம் வருமுன்: தடையா, உபவிதியா, உடன்படிக்கையா?

சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் முதலில் வாசிக்கப்படுவது குளத்தின் நீர்மட்டம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து, இன்று குளத்தில் இத்தனை அடி, இத்தனை ஏக்கர் அடி தண்ணீர் இருக்கிறது என்பார். ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. அதுவரை மண்டபத்தில் இருந்த சலசலப்பு அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் எந்தக் கண்டம் விதைப்பது, எந்தத் திகதியில் மதகு திறப்பது, கடைசித் தண்ணீர் எப்போது என்ற வாதம் தொடங்கும். ஆயித்தியமலைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் நாலு ஏக்கருக்காக, சிறுவயதிலிருந்தே அப்பாவுடன் அந்தக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைமார் சத்தம் போடுவார்கள். சிலர் கோபித்துக்கொண்டு எழுந்தும் போவார்கள். ஆனால் அடிக்கணக்கு வாசிக்கப்படாமல் ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

எங்கள் வயலுக்குப் பாயும் அதே உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர்தான் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களுக்கும் போகிறது. நாளை இந்த மாவட்டத்தில் ஒரு தரவு மையம், அதாவது இணையத்துக்காக இரவு பகலாக ஓடிச் சூடேறும் கணினிகள் நிறைந்த கட்டடம், எழுந்தால், குழாய்த் தண்ணீர் கேட்டாலும் நிலத்தடி நீர் கேட்டாலும், அது நமது பங்காளியாகத்தான் வந்து உட்காரும். அந்தப் பங்காளியிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் நமது உள்ளூராட்சி மன்றங்களுக்கு எந்த வழியில் கிடைக்கும் என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

இன்னும் வராத ஒன்றுக்கு ஏன் இப்போதே அவசரம் என்று கேட்பவர்கள் உண்டு. இணையத்தைச் சுமந்து வரும் கடலடிக் கம்பிகள் கொழும்புப் பக்கத்திலும் மாத்தறையிலும் கரையேறுவதால் இப்படிப்பட்ட கட்டடங்கள் அங்கேதான் முதலில் எழும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. நிலமும் வெயிலும் தேடுபவர்களின் பார்வை கிழக்கில் விழ நாள் எடுக்காது. விண்ணப்பம் மேசைக்கு வந்தபின் எழுதப்படும் விதி, அந்த ஒரு விண்ணப்பத்துக்காகவே எழுதப்பட்டதாக நீதிமன்றத்தில் காட்டப்படும்.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிடுவோம். நீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் தரவு மையம் ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு ஏறக்குறைய 1.8 லீற்றர் தண்ணீர் எடுக்கும் என்பது அத்துறையில் பரவலாக எடுத்தாளப்படும் சராசரி. 10 மெகாவாட் அளவுள்ள, அதாவது சிறிய மையம் ஒன்று இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 4,32,000 லீற்றர். நமது தண்ணீர்ப் பட்டியலில் ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். ஆகவே நாளுக்கு 432 அலகு. மாதம் 16 அலகு பாவிக்கும் வீடுகளாக எண்ணினால் 800 வீடுகளுக்குச் சற்று மேல். வயல் கணக்கில் சொன்னால் ஆண்டுக்கு ஏறக்குறைய 128 ஏக்கர் அடி; ஏக்கருக்கு நாலு ஏக்கர் அடி வீதம் 32 ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத் தண்ணீர்.

இந்தக் கணக்கைப் பார்த்து, 32 ஏக்கர்தானே என்று ஒரு நண்பர் சொன்னார். அது நியாயமான கேள்வி. நெல்லோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லைதான். ஆனால் நெல்லுக்குத் தண்ணீர் குறைந்தால் ஆரம்பக் கூட்டத்தில் ஏக்கரைக் குறைக்கிறோம். சில ஆண்டுகளில் சிறுபோகத்தையே சில கண்டங்களுக்கு விட்டுவிடுகிறோம். குளிரூட்டும் கோபுரத்துக்கு அப்படி ஒரு போகத்தை விட்டுக்கொடுக்க முடியாது. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் குளத்தின் அடி தெரியும் நேரத்தில், வெயில் உச்சத்தில் இருப்பதால், அதற்கு அதிகத் தண்ணீர் தேவைப்படும். அதுவும் பெரும்பாலும் சுத்திகரித்த தண்ணீர். 100 மெகாவாட் மையம் என்றால் மேலே உள்ள எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். தண்ணீரே வேண்டாம், காற்றால் குளிரூட்டுகிறோம் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவை. 2024இல் இலங்கை முழுவதும் உச்ச நேர மின்தேவை 3,000 மெகாவாட்டைத் தொடவில்லை. 100 மெகாவாட் என்பது அதில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல், ஒரே வாசலில்.

இனி வழிகள். எதுவும் செய்யாமல் கொழும்பிடம் விட்டுவிடுவதும் ஒரு வழிதான். அதை நான் வழியாக எண்ணவில்லை என்றாலும், பலர் அதைத்தான் தேர்கிறார்கள் என்பதால் சொல்லியாக வேண்டும்.

கொழும்பு பார்த்துக்கொள்ளும் என்றால்

தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் எந்தெந்தத் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்ற பட்டியல் 1993 ஜூனில் வர்த்தமானியில் வந்தது. அந்தப் பட்டியலில் தரவு மையம் என்ற சொல்லே இல்லை. 1993இல் இருக்க நியாயமும் இல்லை. 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்பினால், 1 ஹெக்டேயருக்கு மேல் காடு அழித்தால் என்று வேறு வாசல்கள் வழியாகத்தான் அது உள்ளே வர முடியும். 3.9 ஹெக்டேயரோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாத முதலீட்டாளர் யாரும் இல்லை.

ஒலியின் கதை இன்னும் கூர்மையானது. 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இடத்துக்கு இடம் வேறு உச்சவரம்பு வைக்கின்றன. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் 63, 50. முதலீட்டுச் சபையின் ஏற்றுமதி வலயத்துக்குள் 70, 60. அளவிடும் இடம் அந்தக் காணியின் எல்லை. ஆகவே ஏறாவூர்ப்பற்றில் ஒரு வயலோரக் காணி சாதாரணக் காணியாக இருந்தால் இரவில் 45 டெசிபெல்லுக்கு மேல் எழுப்ப முடியாது. அதே காணியைச் சுற்றி வலயம் என்று கோடு கீறிவிட்டால் 60 வரை எழுப்பலாம். டெசிபெல் கணக்கில் 15 கூடினால் ஒலிச் சக்தி முப்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. வேலிக்கு இப்பால் தொட்டில் கட்டியிருக்கும் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொழும்பில் கீறப்பட்ட கோடு மட்டும் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. தரவு மையத்தின் விசிறிகள் ஆலைச் சங்கு போல ஊதி ஓய்வதில்லை. அவை இருபத்துநாலு மணி நேரமும் ஒரே சுருதியில் இரையும். மின்பிறப்பாக்கிகளை மாதந்தோறும் ஓட்டிப் பார்ப்பது வேறு.

அம்பாறை மாவட்டத்தில் உள்ளவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒலுவில் போதும். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். மணல் வாயிலை அடைத்தது. அலை பக்கத்துக் கரையைத் தின்றது. மீனவர்களும் தென்னங்காணிக்காரர்களும் அதற்கு விலை கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் பிரதேச சபைக்கு இருந்த குரல் எவ்வளவு என்று அந்த ஊரவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தடை

ஹர்த்தால் வழியாகத் திட்டத்தை நிறுத்திய அனுபவம் நமக்கு உண்டு. 2018 செப்டெம்பரில் புல்லுமலைத் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராக மாவட்டமே கடையடைத்தது, திட்டம் நின்றது. அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் தண்ணீர் பற்றிய கேள்வி தமிழர், முஸ்லிம்கள் என்ற கேள்வியாகத் திரிந்து போனதையும் பார்த்தேன். நிலத்தடியிலிருந்து நாளுக்கு எத்தனை லீற்றர், எத்தனை அடி ஆழத்திலிருந்து என்ற கணக்கு மக்கள் முன்னால் உரிய காலத்தில் வைக்கப்பட்டிருந்தால், சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் முகம் திருப்பிக்கொண்டு நின்ற அந்த வாரம் நமக்கு வந்திருக்காது.

சட்டப்படியான தடை வேறு. சிங்கப்பூர் 2019இலிருந்து 2022 வரை புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்தது. பிறகு மின்சாரத்தை வீணாக்காதவர்களை மட்டும் தெரிந்தெடுத்துக் கதவைச் சிறிதாகத் திறந்தது. அம்ஸ்டர்டாம் 2019 ஜூலையில் ஓராண்டுக்கு நிறுத்தி, அந்த ஓராண்டில் இடமும் மின்சாரமும் பற்றிய விதிகளை எழுதிக்கொண்டது. இரண்டும் பயனளித்ததற்குக் காரணம், நிறுத்திய கையே விதி எழுதும் கையாகவும் இருந்ததுதான். அயர்லாந்தின் தெற்கு டப்ளின் மன்றத்துக்கு அந்த வசதி இல்லை. 2022இல் தமது அபிவிருத்தித் திட்டத்தில் தரவு மையங்களுக்கு இடமில்லை என்று உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். மத்திய அமைச்சர் பணிப்புரை விடுத்து அதைத் திருப்பிவிட்டார். அயர்லாந்தின் மின்சாரத்தில் 21 சதவீதத்தை 2023இல் தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. அப்படி இருந்தும் அந்த மன்றத்தின் சொல் நிற்கவில்லை.

நமது பிரதேச சபையின் நிலை தெற்கு டப்ளினைவிடப் பலமானது அல்ல. சபை அமர்வில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றுவது ஓர் அறிவிப்பு. அது சட்டம் ஆகாது. நிபந்தனையெல்லாம் நிறைவேற்றிய கட்டட விண்ணப்பம் ஒன்றைத் தவிசாளர் வெறும் தீர்மானத்தைக் காட்டி மறுத்தால், ரிட் மனு ஒன்று போதும். தடையின் நல்ல குணம் வேகம். ஒரே அமர்வில் முடியும். அந்த வேகத்தால் வாங்கும் ஆறு மாதத்தை எதற்குச் செலவழிக்கிறோம் என்பது தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும்.

உடன்படிக்கை

நிறுவனத்தோடு நேரே பேசி, பாலம் கட்டித் தா, பாடசாலைக்குக் கணினி தா, இத்தனை பேருக்கு வேலை தா என்று எழுதி வாங்குவது மூன்றாவது வழி. அரசியல்வாதிகளுக்கு இதுதான் பிடிக்கும், படம் எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் தி டால்ஸ் என்ற சிறு நகரம் கூகுளோடு இப்படித்தான் நெருங்கியிருந்தது. கூகுள் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டபோது, அது வணிக இரகசியம் என்று சொல்லி, 2021இல் நகரமே பத்திரிகைமேல் வழக்குப் போட்டது. ஓராண்டுக்கு மேல் இழுபட்டபின் 2022 டிசம்பரில் கணக்கு வெளிவந்தது. 2021இல் நகரம் பாவித்த தண்ணீரில் கால்வாசிக்கு மேல் அந்த ஒரு நிறுவனத்துக்குப் போயிருந்தது. தன் குடிமக்களுடைய தண்ணீர்க் கணக்கை அவர்களிடமிருந்தே மறைக்க நகரம் வழக்காடியது என்பதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. கெட்ட மனிதர்கள் செய்த வேலை என்றும் தோன்றவில்லை. இரகசியம் காப்போம் என்று கையெழுத்திட்டவர்கள் அதற்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள், அவ்வளவுதான்.

நமது சபைகளுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லவுடன் கவுண்டி (நமது மாவட்டம் போன்றது) தரவு மையங்களைத் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் வரி; கவுண்டி வருமானத்தின் பெரும் பங்கு அங்கிருந்து வருகிறது. இங்கே கட்டடங்கள்மீதான சோலைவரி அறவிடுவதற்கே அந்த இடம் கட்டடங்கள் நிறைந்த பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். வயலோரத்தில் எழும் மையத்திடம் ஏக்கர் வரி என்ற பெயரில் அற்பத் தொகைதான் கிடைக்கும். வியாபார வரியின் உச்சவரம்பும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான கட்டடம் ஒரு பெரிய பலசரக்குக் கடை கட்டும் அளவில்தான் சபைக்கு வரி கட்டும். இந்த நிலையில் உடன்படிக்கை மேசையில் நாம் கேட்பது உரிமையாக இராது, நன்கொடையாகத்தான் இருக்கும். நிரந்தர வேலையும் மிகக் குறைவு. கட்டி முடிந்தபின் அங்கே பெரும்பாலும் இயந்திரங்கள் மட்டுமே இருக்கும்.

வேறொன்றையும் மறக்கக் கூடாது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நமக்குத் தெரிவான உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை; செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினார்கள். அப்படிப்பட்ட இடைவெளியில் ஒரு நிறுவனம் உடன்படிக்கைக் கோப்போடு வந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்போம்?

உபவிதி

ஆகவே நான் உபவிதிப் பக்கம், அதாவது சபை தன் எல்லைக்குள் தானே இயற்றும் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி இயற்றும் அதிகாரத்தைச் சபைக்குத் தருகிறது. அது மெதுவான வழி. சபை நிறைவேற்றி, மாகாண மட்டத்தில் ஒப்புதல் பெற்று, வர்த்தமானியில் வர வேண்டும். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்ததிலிருந்து அந்த ஒப்புதல் ஆளுநரின் நிர்வாகத்திடம் இருக்கிறது. தாமதம் நிச்சயம். ஆனால் வர்த்தமானியில் வந்தபின் சபை கலைந்தாலும் உபவிதி கலையாது. 2023இல் நடந்தது மீண்டும் நடந்தாலும், செயலாளரின் மேசையில் அந்தத் தாள் இருக்கும். நான் இந்த வழியைத் தேர்வதற்கு முதற்காரணம் இதுதான்.

லவுடன் கவுண்டியே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. உரிய வலயத்தில் காணி இருந்தால் கேட்காமலே கட்டலாம் என்றிருந்த விதியை 2025 மார்ச்சில் நீக்கினார்கள். இப்போது ஒவ்வொரு மையமும் பகிரங்க விசாரணை கடந்து, மன்றத்தின் விசேட அனுமதி பெற வேண்டும். உலகிலேயே தரவு மையங்கள் மிக நெருக்கமாக உள்ள இடம் அத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு எடுத்த முடிவு அது.

பக்கத்துப் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியின் கதை வேறொன்றைக் கற்றுத் தருகிறது. அங்கே மிகப் பெரிய தரவு மையத் தொகுதி ஒன்றுக்கு 2023 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். விசாரணை ஒரு நாளுக்கு மேல் இடைவிடாமல் நடந்தது. இருந்தும் 2025 ஓகஸ்டில் நீதிபதி ஒருவர் அந்த அனுமதியைச் செல்லாததாக்கினார். காரணம் தண்ணீரோ மின்சாரமோ இல்லை. பத்திரிகையில் பகிரங்க அறிவித்தலைச் சட்டம் சொன்ன முறைப்படி போடவில்லை என்பதுதான்.

அதை வாசித்தபோது எனக்கு ஓர் அறிவித்தல் பலகை நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியில் நெல் ஆலை ஒன்றை விரிவாக்கும் விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் கேட்டு ஒரு சபை அறிவித்தல் போட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், மூன்று பழைய கேள்விப்பத்திரங்களுக்குக் கீழே, ஈரம் ஏறி மை பரவிய ஒரு தாள். திகதியை வாசிக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்ட வேண்டியிருந்தது. நான் கண்ட அன்று, ஆட்சேபத்துக்கான கடைசி நாள் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. உமித்தூசி இன்றைக்கும் என் மாமியாரின் கிணற்றில் மிதக்கிறது. அந்தத் தாளை யாரும் மறைத்து வைக்கவில்லை. ஒட்டுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணினார்கள்.

ஆகையால் உபவிதியில் நான் முதலில் கேட்பது அறிவித்தல். விண்ணப்பம் கிடைத்து ஒரு வாரத்துக்குள் காணியின் வாசலில் பெரிய எழுத்தில் பலகை. சுற்றியுள்ள ஒரு கிலோமீற்றருக்குள் உள்ள வீடுகளுக்குத் தாள். பள்ளிவாசல், கோவில், தேவாலயம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம் ஆகியவற்றுக்குக் கடிதம். தமிழில், தேவைப்படும் இடத்தில் சிங்களத்திலும். அந்தப் பலகையில் மெகாவாட் எத்தனை, நாளுக்குத் தண்ணீர் எத்தனை அலகு, எந்த மூலத்திலிருந்து, மின்பிறப்பாக்கிகள் எத்தனை, டீசல் எவ்வளவு சேமிக்கப்படும் என்பன இருக்க வேண்டும். இவை வணிக இரகசியம் என்று சொல்பவரின் விண்ணப்பத்தைப் பாரமெடுக்கத் தேவையில்லை.

தண்ணீருக்கு ஒரு நிபந்தனை போதும்: குளத்தில் தண்ணீர் குறைந்து சிறுபோக ஏக்கர் குறைக்கப்படும் ஆண்டில், அதே விகிதத்தில் மையமும் தன் பங்கைக் குறைக்க வேண்டும். முடியாதென்றால் காற்றுக் குளிரூட்டலோடு வரட்டும், அல்லது கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாவிக்கட்டும். ஒலிக்கு, காணி எந்த வலயத்துக்குள் வந்தாலும் பக்கத்து வீட்டு எல்லையில் இரவில் 45 டெசிபெல். ஏற்றுமதி வலயத்துக்குள் உபவிதியின் கை எவ்வளவு நீளும் என்பதில் வழக்கறிஞர்களுக்குள் வாதம் எழும், எழட்டும். வயல் நிலம் நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிப் பத்திரம் இல்லாமல் விண்ணப்பம் முழுமையாகாது என்று எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தீயைப் பற்றி நமது சபைகள் நினைத்தும் பார்த்திருக்காது. தென்கொரியாவின் டேஜியோன் நகரில் அரசாங்கத் தரவு மையமொன்று 2025 செப்டெம்பரில் எரிந்தது; லித்தியம் மின்கலத்தில் தொடங்கிய தீ. நாட்டின் நூற்றுக்கணக்கான அரச சேவைகள் முடங்கின. இங்கே மட்டக்களப்பு, கல்முனை மாநகர சபைகளின் தீயணைப்பு வண்டிதான் சுற்றுப்புறப் பிரதேச சபைகளுக்கும் ஓட வேண்டும். வாகரையில் எரிந்தால் வண்டி மட்டக்களப்பிலிருந்து போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று அந்த வீதியில் போனவர்களுக்குத் தெரியும். மையத்தின் வளவுக்குள்ளேயே தீயணைப்பு ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்குவது தவிர வேறு வழி இல்லை.

கல்முனை பற்றி ஒரு வார்த்தை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே வீடு வீடாக நெருங்கிய அந்தக் கரைக்கு, நிபந்தனை எழுதி மினக்கெடாமல், குடியிருப்புப் பகுதியில் இடமில்லை என்று திட்டமிடல் வரைபடத்திலேயே எழுதிவிடுவது நல்லது. சம்மாந்துறை, ஏறாவூர்ப்பற்று, மண்முனை மேற்கு போன்ற அகன்ற பிரதேசங்களுக்குத்தான் மேலே சொன்ன உபவிதி.

வரிசை இப்படி இருக்கட்டும் என்பது என் கருத்து. அடுத்த அமர்வில் ஆறு மாத இடைநிறுத்தத் தீர்மானம். அதில் உபவிதி வரைவுக்கான குழுவும் திகதியும். வரைவு வர்த்தமானிக்குப் போனபின், விண்ணப்பம் வந்தால் பகிரங்க விசாரணை. உடன்படிக்கை பேச விரும்பினால் அனுமதி கொடுத்த பிறகு, திறந்த அமர்வில், முழுப் பிரதியையும் வாசித்துப் பேசட்டும்.

அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். எங்கள் சபைக்கு நான் எழுதிய கடிதத்தில் மூன்று கேள்விகள் உள்ளன. தரவு மையம் அமைப்பது பற்றி யாராவது சபையோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கிறார்களா? அப்படிப்பட்ட எவருக்காவது சபை இரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறதா? சபையின் அறிவித்தல் பலகையில் இன்று ஒட்டப்பட்டிருக்கும் ஒவ்வொரு தாளும் எந்தத் திகதியில் ஒட்டப்பட்டது?